யாரோ பிடுங்கிய ப்ளக்

அவன் தூங்குகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

வேறு எப்படி நினைப்பது? நூலகத்து மாடியில், ஜன்னலோர மேசையில், காதில் பெரிய ஹெட்போன்... மூடிய கண்கள்... முன்னால் திறந்தபடி ஒரு லேப்டாப். வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன. கனவில் யாரிடமோ பேசுகிறான் போலிருக்கிறது. நீலச் சட்டை. சீப்புக்கு அடங்காத தலை. ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளமான இமை என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தூங்குகிறவனைப் பார்ப்பதில் ஒரு வசதி... அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால் தேவைக்கு மேலேயே பார்த்துவிட்டாள்.

பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. நூலகத்தின் பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவள் அவள். வேலை முடிந்துவிட்டது, மழை விடவில்லை. அடுத்து எங்கே போவது என்று அப்பா போனில் சொல்வார். அந்தப் போனோ உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அறை முழுக்கத் தேடியதில் கண்ணில் பட்ட ஒரே ப்ளக் பாயின்ட் அந்த நீலச் சட்டையின் மேசைக்கு அடியில். அதில் அவனுடைய லேப்டாப் ஒயர்.

வேறு யாராவது இருந்தால் அவன் தோளைத் தட்டி, "கொஞ்ச நேரம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருப்பார்கள். கேட்பதற்குக் காரணம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இவளுக்கு எல்லாம் தெரியும். அப்பாவும் அவளும் நடத்துவது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. வருகிற ஒவ்வொருவரிடமும், "சேவ் பண்ணீங்களா? ஏன் பண்ணலை?" என்று அவள் பிடிக்கும் பிடியில், அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'சேவ் மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட சேவ் மேடத்துக்குத் தெரியாதா? லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கினால் அது பாட்டுக்கு பேட்டரியில் ஓடும். பாவம், தூங்குகிறவனை எதற்கு எழுப்ப வேண்டும்?

குனிந்தாள். அவன் ப்ளக்கைப் பிடுங்கினாள். தன் சார்ஜரைச் செருகினாள். நிமிர்ந்தாள்.

லேப்டாப் திரை கருப்பாக இருந்தது.

மங்கலாக இல்லை... கருப்பாக. உள்ளே பேட்டரியே இல்லை. அந்த ஒயர்தான் அதற்கு உயிர்.

அவன் தோள் அசைந்தது. கண் திறக்கப் போகிறான்... சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்து, அந்த நிசப்தத்தில் அவள் போன் அலறியது. அப்பா. நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அவள் போனை மட்டும் உருவிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டு, திரும்பி மேலே ஏறத்தான் செய்தாள். பாதிப் படியில் அவன் குரல் கேட்டது. யாருங்க ப்ளக்கைப் பிடுங்கினது என்று நூலகரைக் கேட்டுக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால்கூட அவள் போயிருப்பாள். அவன் கத்தவில்லை... குரல் உடைந்திருந்தது.

அவள் அப்படியே திரும்பிப் படியிறங்கினாள். குடையைக் கையில் வைத்துக்கொண்டே, அதை விரிக்கத் தோன்றாமல், மழையில் நனைந்தபடி நடந்தாள். தெருமுனைக்குப் போன பிறகுதான் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டது உறைத்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தாள். சார்ஜரும் இல்லை, நீலச் சட்டையும் இல்லை.

அன்று மாலை நீலச் சட்டை கடைக்கு வந்தது. அதாவது, சட்டை இப்போது வெள்ளை. ஆனால் அந்தத் தலையையும் இமைகளையும் அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், முன்னால் அப்பா உட்காரும் மேசை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய வேலை மேசை. அப்பாவுக்கு ஒரு பழக்கம். கடைச் சாமான் எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்று, கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் கடையின் பெயரும் நம்பரும் அச்சிட்ட மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். ஸ்க்ரூடிரைவரில், ஸ்டூலில், அவள் குடைப்பிடியில்கூட. விட்டால் என் நெற்றியிலும் ஒட்டிவிடுவீர்கள் என்று அவள் சண்டை போடுவாள்.

அவன் லேப்டாப்பை அப்பாவின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

பேட்டரி வீங்கிப்போனதால் கழற்றிவிட்டிருந்தான். நேராக ஒயரில் ஓட்டிக்கொண்டிருந்தான். பல வார வேலை. கடைசி வரியை அடித்து, சேவ் கொடுத்துவிட்டு, அந்த வரி சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது... அந்த சேவ் முடிவதற்குள் யாரோ ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

"யாரு தம்பி அது?"

"பார்க்கலைங்க. கண்ணை மூடிட்டிருந்தேன்."

"அறிவுகெட்ட ஜென்மம்," என்றார் அப்பா, ரிப்பேர்க்காரருக்கே உரிய ஆத்திரத்துடன். "ஓடிட்டிருக்கிற மெஷின்ல ப்ளக்கைப் பிடுங்குறதுன்னா என்னன்னு தெரியுமா அதுக்கு? மூச்சைப் பிடுங்குற மாதிரி. என் பொண்ணு கையில மட்டும் அந்த ஆள் கிடைச்சிருந்தா... தொலைச்சிருப்பா."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். முதல் முறையாக அந்தக் கண்கள் திறந்திருப்பதை அவள் பார்த்தாள். மூடியிருந்தபோதே பரவாயில்லை போலிருந்தது... திறந்தால் எதிரில் இருப்பவரால் எதையும் மறைக்க முடியாது.

"பிடுங்கினதுகூடப் பெருசில்லைங்க," என்றான் அவன், அவளைப் பார்த்தபடியே. "தெரியாம நடந்திருக்கும். சொல்லாம ஓடிட்டாங்க பாருங்க... அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள். அது காலடியிலேயே கிடந்தது. இருந்தாலும் ரொம்ப நேரம் தேடினாள்.

லேப்டாப்பை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். மேசையில் வைத்து, ஒயரைச் செருகி ஓடவிட்டு, காதை அருகில் கொண்டுபோனாள். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. டிக் டிக் என்று எங்கேயும் தட்டவில்லை. அப்பாடா.

"உயிர் இருக்கா?" என்றான் அவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்று.

"இருக்கு. உள்ள ஒரு தட்டு சுத்திட்டே இருக்கும். அதுமேல படாம, முடியளவு இடைவெளியில ஒரு ஊசி பறந்துட்டிருக்கும். திடீர்னு கரண்ட் போச்சுன்னா, தட்டு நிக்கறதுக்குள்ள அந்த ஊசி அலறியடிச்சுட்டு அதோட இடத்துக்கு ஓடிப்போயிடணும். பெரும்பாலும் போயிடும். உங்களோடதும் போயிருச்சு."

"ஓடிப்போறது ஊசிக்குக்கூடத் தெரியுது," என்றான்.

அவளுக்குக் காது சுட்டது. அவசரமாக மற்றதையும் சொன்னாள். திரையில் தெரிவதெல்லாம் டிஸ்க்கில் இருப்பதாக அர்த்தமில்லை. சேவ் செய்யும்வரை அது மெஷினின் ஞாபகத்தில்தான் இருக்கும். கரண்ட் போனால் ஞாபகமும் போச்சு. சேவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் இன்னும் மோசம். பழைய ஃபைலும் முழுதாக இருக்காது, புதியதும் முழுதாக எழுதப்பட்டிருக்காது. சொல்லச் சொல்ல, தான் செய்த காரியத்தின் கனம் அவளுக்கே புதிதாகத் தெரிந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியிலும் பழக்க தோஷம் விடவில்லை.

"பல வார வேலைங்கறீங்க... நடுநடுவுல சேவ் பண்ண மாட்டீங்களா?"

"ஒருநாள் உட்கார்ந்தா எழுந்திரிக்கும்போது ஒரே ஒரு தடவை பண்ணுவேன். இந்த சாஃப்ட்வேர்ல சேவ் கொடுத்தா படம் நின்னு முதல்லருந்து ஓடும். தாளம் கெட்டுப்போகும்."

"படமா?"

அப்போதுதான் அவன் தொழிலைச் சொன்னான். கண் தெரியாதவர்களுக்காகப் படங்களுக்கு வர்ணனை எழுதுகிறான். வசனம் இல்லாத இடங்களில் திரையில் என்ன நடக்கிறது என்று சின்னச் சின்ன வரிகளாகச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளிக்குள் வரி அடங்க வேண்டும். அதற்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் காதால் கேட்டு, இடைவெளியை அளந்துகொள்வான். அன்றைக்கு நூலகத்தில் அவன் தூங்கவே இல்லை.

"எங்க அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வக்கீல். சின்ன வயசுல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா, யாரும் பேசாத சீன் வந்தாப் போதும், முழங்கையால இடிப்பா. 'டேய், என்ன நடக்குது? சத்தத்தையே காணோம், சொல்லு'ன்னு. அப்போ ஆரம்பிச்ச வேலை இது. வர்ற சனிக்கிழமை அவங்க பார்வையற்றோர் சங்கத்துல இந்தப் படத்தைப் போடறாங்க. நான் தனியா எழுதின முதல் படம். ஹால் பூராவும் ஆள் வர்றாங்க. வர்ணனை இல்லைன்னா... வெறும் மழைச் சத்தத்தைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க."

சனிக்கிழமைக்கு நாள் அதிகமில்லை. அவள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எடுத்துத் தர்றேன்," என்றாள். இவ்வளவு உறுதியாக எந்த வாடிக்கையாளருக்கும் அவள் வாக்குக் கொடுத்ததில்லை.

அதற்கப்புறம் அவன் தினமும் மாலை வந்தான். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வந்தான். "நோயாளி எப்படி இருக்கார்?" என்பான். "ஜூஸ் மட்டும் குடிக்கிறார்" என்பாள் அவள். அப்பா மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டூலை அவனுக்காக இழுத்துப் போடுவார். அந்த ஸ்டூலை அப்பா சாமான்யத்தில் யாருக்கும் தருவதில்லை.

டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் தோண்டினாள் அவள். சேவ் ஆகும்போது அறுந்த ஃபைல் பாதியில் குப்பையாகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில், மெஷின் தன் வசதிக்காக எடுத்து வைத்துக்கொண்ட பழைய நகல் ஒன்று அகப்பட்டது. அவள் கத்திய கத்தலில் அப்பா எழுந்து ஓடிவந்தார். அவனுக்குப் போன் போட்டால், அவன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

படம் முழுக்கவும் வர்ணனை கிடைத்துவிட்டது... கடைசிக் காட்சியைத் தவிர. நூலகத்தில் அன்று உட்கார்ந்து அவன் எழுதியது அதைத்தான். அது எந்த டிஸ்க்கிலும் ஏறவே இல்லை. ஏறாததை யாராலும் மீட்க முடியாது.

"போனாப் போகுது," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "என்னமோ நீங்களே அழிச்ச மாதிரி ஏங்க இப்படி வாடிப்போறீங்க?"

அவளுக்கு அழுகை முட்டியது. சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு. முன்னால் அப்பா, இன்னொரு வாடிக்கையாளரிடம் தன் மகளின் புகழ் பாடிக்கொண்டிருந்தார். என் பொண்ணு கைபட்டா செத்த மெஷின் எழுந்து உட்காரும், ஒரு பொய் அவ வாயில வராது என்று. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த சேவ் மேடம்தான் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடியவள் என்று தெரிந்தால், இந்தக் கண்கள் தன்னை எப்படிப் பார்க்கும்? முதல் நாள் சொல்லியிருந்தால் அது தவறு. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் அது ஏமாற்று. நாளாக ஆக வாய் கனத்துக்கொண்டே போனது.

"ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். எவ்வளவு நேரமானாலும் கேட்கத் தயார் என்பதுபோல் உட்கார்ந்தான்.

"...புது பேட்டரி போட்டிருக்கேன். இனிமே யாரு ப்ளக்கைப் பிடுங்கினாலும் நிக்காது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் முகத்தில் ஒரு ஏமாற்றம் வந்து போனதாக அவளுக்குத் தோன்றியது. பேட்டரிக்கு யாராவது ஏமாற்றம் அடைவார்களா? புரியவில்லை.

கடைசிக் காட்சியைப் புதிதாக எழுத வேண்டும். ஒரு ரயில் நிலையம், மழை, படத்தின் நாயகனும் நாயகியும். நெடுநேரத்துக்கு ஒரு வசனம் கிடையாது. இரண்டு மாலைகள் கடையிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். அவன் கண்ணை மூடி இடைவெளியை அளப்பான். அவள் திரையைப் பார்த்து, தெரிவதைச் சொல்வாள்.

"அந்தப் பொண்ணு அவனைப் பார்க்குது. கண்ணு ரொம்ப அழகா இருக்கு."

"அழகுன்னு எழுதினா எங்க அக்கா வக்கீல் நோட்டீஸ் விடுவா. 'அழகான கண்ணுன்னா எனக்கு என்னடா தெரியும்? அது என்ன பண்ணுதுன்னு சொல்லு'ம்பா. கண்ணு என்ன பண்ணுது?"

அவள் உற்றுப் பார்த்தாள். "பார்க்குது... உடனே கீழ இறங்கிடுது. அவனோட ஷூவைப் பார்க்குது. திரும்ப மேல வருது. பாதியிலேயே நின்னுடுது."

மூடிய கண்களோடு அவன் சிரித்தான். "இதைத்தான் வாரக்கணக்கா தேடிட்டிருந்தேன்."

அவன் அதை அடித்தான். அடித்து முடிக்கும் முன்பே அவள் விரல் சேவுக்குப் போயிற்று. படம் நின்று முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒவ்வொரு வரிக்கும் இதே கதை. இந்தச் சண்டையில் ஒருமுறை இரண்டு பேரின் விரல்களும் ஒரே பட்டனில் போய் நின்றன. உடனே எடுத்திருக்கலாம். இரண்டு பேருமே எடுக்கவில்லை. முன்னாலிருந்து அப்பா இருமினார்.

கிளம்பும் முன் அவன் அக்காவுக்குப் போன் போட்டு, புது வரிகளைப் படித்துக் காட்டினான். அக்கா போனை அவளிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நீதான் எங்க படத்தைக் காப்பாத்தினவளாம்மா? தினமும் உன் புராணம்தான் வீட்ல. ப்ளக் பிடுங்குறவங்க நூறு பேர் வரட்டும், உன்னை மாதிரி ஒருத்தி போதும்."

அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. பிடிக்காதவனிடம் மறைப்பது இத்தனை வலிக்காது.

சனிக்கிழமை மாலை. சங்கத்து ஹால் நிறைந்திருந்தது. வெளியே மழை. மேடை ஓரத்தில் ஒரு சின்ன மேசை, அதில் லேப்டாப், மைக். அவன் படத்தோடு சேர்ந்து நேரடியாகப் படிக்க வேண்டும். அவளுக்கு ஒரு பதவி கொடுத்திருந்தான். ப்ளக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் அதைத் தொடாமல் காவல் காக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் அப்பாவும் வக்கீல் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில். அதற்குள் அக்கா அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்திருந்தாள். அப்பா பவ்யமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் ஹால் சிரித்தது. வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தாமதமாகச் சிரிப்பார்களே, அப்படி இல்லை... எல்லோரும் ஒரே நேரத்தில். அவன் காது மடல் சிவப்பதை அவள் பார்த்தாள்.

கடைசிக் காட்சி. ரயில் நிலையம், மழை...

பட்டென்று கரண்ட் போனது.

திரை போச்சு. மைக் போச்சு. விளக்கு, விசிறி எல்லாம் போச்சு. பார்வையுள்ள விருந்தினர்கள் பக்கத்திலிருந்து சலசலப்பு எழுந்தது. அதே கருப்பு...

லேப்டாப் மட்டும் அணையவில்லை. அவள் போட்ட பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் மழைச் சத்தம் அதன் சின்ன ஸ்பீக்கரில் தொடர்ந்தது. அவன் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மைக்கை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று, ஹாலுக்கே கேட்கும்படி குரலை உயர்த்திப் படித்தான்.

"அவள் பார்க்கிறாள். பார்வை அவன் ஷூவில் இறங்குகிறது. மேலே வருகிறது. பாதியில் நிற்கிறது..."

சலசலப்பு அடங்கியது. இருட்டைப் பற்றி அந்த ஹாலில் முக்கால்வாசிப் பேருக்குக் கவலையே இல்லை. மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். வெளியே நிஜ மழை, உள்ளே படத்து மழை... ரயில் வந்து, அந்தப் பெண் ஏறாமல் நின்றுவிட்டாள் என்று அவன் கடைசி வரியைச் சொல்லி முடித்தான். அப்புறம் விழுந்த கைதட்டலில் மழைச் சத்தம் அமுங்கிப்போனது.

அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். லேப்டாப் வெளிச்சத்தில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. "நீங்க மட்டும் பேட்டரி போடலைன்னா..." என்று ஆரம்பித்தான்.

இதற்கு மேல் முடியாது. அந்த நன்றியை மட்டும் அவளால் வாங்கிக்கொள்ள முடியாது.

"நான்தான் பிடுங்கினேன்."

"எதை?"

"உங்க ப்ளக்கை. அன்னைக்கு லைப்ரரில. நீங்க தூங்குறீங்கன்னு நினைச்சேன். பேட்டரி இருக்கும்னு நினைச்சேன். எல்லாம் தெரியுங்கிற திமிர்ல கேட்கலை. அப்புறம் பயந்து ஓடிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்கணும்... நீங்க என்னை நல்லவள்னு நினைக்கிறதை இழக்க மனசு வரலை. கோபப்படுங்க. திட்டுங்க. ஆனா நன்றி மட்டும் சொல்லாதீங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மின்விசிறிகூட ஓடாத ஹால் அது. உட்கார்ந்திருப்பவர்களோ காதாலேயே படம் பார்ப்பவர்கள். கைதட்டல் எப்போதோ நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

இரண்டாவது வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அப்போ அந்த அறிவுகெட்ட ஜென்மம்..."

"நான்தாம்ப்பா."

எங்கோ ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் தலை கவிழ்ந்துகொண்டாள். பூமி பிளக்கட்டும் என்று காத்திருந்தாள். அது பிளக்கவில்லை. அதற்குப் பதில், அவன் தன் பையைத் துழாவும் சத்தம் கேட்டது. எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒயர் சுற்றிய சார்ஜர். அவளுடையது. விரலில் வழவழவென்று தட்டுப்பட்டது... அப்பாவின் மஞ்சள் ஸ்டிக்கர். கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் சேர்த்து.

"என் ப்ளக் இருந்த இடத்துல இது இருந்துச்சு," என்றான் அவன். "முதல் நாள் சண்டை போடத்தான் வந்தேன். இதை உங்க அப்பா மேசையில வெச்சு நாலு கேள்வி கேட்கணும்னு. உள்ள ஸ்க்ரூடிரைவர் விழுந்துச்சு... உங்க முகத்தைப் பார்த்தேன். சரி, இவங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஒரு விஷயம்னு ஆரம்பிச்சு பேட்டரின்னு சொன்னீங்களே, அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கலைங்க நான்."

"முதல்லருந்தே தெரியுமா?"

"தெரியும். நானும் சொல்லலை. சார்ஜரைக் கொடுத்துட்டா, அப்புறம் தினமும் வர்றதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு?"

அவள் பேசவில்லை. அவனும் பேசவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது... பொறுக்க முடியாமல் வக்கீல் அக்காவின் குரல் எழுந்தது.

"டேய், என்ன நடக்குது? சத்தத்தையே காணோம், சொல்லு."

ஹால் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பழகிய தொழில்தானே.

"அவள் கையில் இருக்கும் சார்ஜரைப் பார்க்கிறாள்," என்றான். "கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறாள். நிமிர்கிறாள். என்னைப் பார்க்கிறாள்..."

"எப்படிப் பார்க்கிறா? அழகான கண்ணுன்னு சொன்னே, பார்த்துக்க."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். எத்தனையோ கண்களை வரி வரியாகச் சொன்னவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இடைவெளி கடந்துகொண்டே இருந்தது.

"அவருக்கு வரலைக்கா. நான் சொல்றேன்," என்றாள் அவள். சொன்னாள், அவனிடம் கற்றுக்கொண்ட மாதிரியே. "அவள் கண்கள் கீழே இறங்கவில்லை. எங்கேயும் ஓடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தபடி அங்கேயே நிற்கின்றன. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. தூங்குகிறான் என்று நினைத்துப் பார்த்தாளே... அப்போதிலிருந்தே."

"அவன்?" என்றாள் அக்கா. இம்முறை குரல் இறங்கியிருந்தது.

"அவர் தலையாட்டுறாருக்கா. ரொம்ப வேகமா."

"எனக்கும் பிடிச்சிருக்கு. ரொம்ப," என்றான் அவன் உரக்க, யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாது என்று.

அதே நேரம் கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம், சம்மந்தி, இனி உட்கார்ந்து பேசலாமா என்று விசாரணையைத் தொடர்ந்தாள்.

இந்த ஆரவாரம் எதுவும் காதில் விழாதவனாக அவன் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டான். கடைசிக் காட்சிக்குக் கீழே, அவள் சொன்ன வரிகளை ஒன்றுகூட விடாமல் அடித்தான். முடிவில் புள்ளி வைத்தான்.

வழக்கம்போல் அவள் விரல் சேவுக்குப் போனது. அங்கே அவன் விரல் ஏற்கெனவே இருந்தது.